மரமில்லாச் சமவெளி

நுழையும்முன்

ஆஸ்திரேலியாவின் தென்கரையில், ஊர்கள் மிக அருகிய நெடிய நிலப்பகுதி ஒன்று உள்ளது. பெற்றோருடனும் தம்பியுடனும் அவ்வழியே சென்று வந்த மாணவி ஒருத்தி எழுதுவதாக அமைந்த பயணக் கட்டுரை இது. அந்நிலத்தில் நீர் இருக்கும் இடத்தை யார் அறிந்திருந்தனர் என்பதைக் கவனித்துப் படியுங்கள்.

அடிலெய்டு நகரில் நாங்கள் குடியேறி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. சென்ற ஜூலை மாத விடுமுறையில் மகிழுந்தில் மேற்கு நோக்கிப் புறப்பட்டோம். இங்கு ஜூலை குளிர்காலம். ஏறத்தாழ 780 கிலோமீட்டர் கடந்து, செடுனா என்னும் சிற்றூரில் தங்கினோம். மறுநாள் விடியற்காலையில் அப்பா இரண்டு பெரிய கலன்களில் குடிநீர் நிறைத்து வண்டியில் ஏற்றினார்.

"கடலோரமாகத்தானே போகிறோம் அப்பா? இவ்வளவு தண்ணீர் எதற்கு?" என்று தம்பி கேட்டான்.

"அந்தக் கடலோரத்தில் ஓர் ஆறுகூட இல்லை, கண்ணா" என்றார் அப்பா.

செல்லச் செல்ல மரங்கள் அருகி, முட்டளவுப் புதர்களே எஞ்சின. இதுதான் நல்லார்பார் சமவெளி. 'மரம் எதுவும் இல்லை' என்னும் பொருள் தரும் இலத்தீன் சொற்களிலிருந்து இப்பெயர் அமைந்தது. பழங்காலத்தில் கடலடியாக இருந்து மேலெழுந்த சுண்ணாம்புப் பாறை நிலம் இது. பெய்யும் சிறுமழையும் பாறையின் வெடிப்புகள் வழியே கீழிறங்கிவிடும். ஆகவே நிலத்தடியில் குகைகள் உண்டு. நிலத்தின்மேல் ஆறுகள் இல்லை.

நண்பகலில் பெரும் ஆஸ்திரேலிய வளைகுடாவின் வடமுனையை அடைந்தோம். தென்பெருங்கடலின் திமிங்கிலங்கள் குளிர்காலத்தில் கன்று ஈனுவதற்கு இங்கு வருகின்றன. தாய் ஒன்று கன்றுடன் மெல்ல நீந்தியதைக் கண்டோம். மேற்கே நிலம் திடீரென முடிந்து, செங்குத்துப் பாறைச் சுவராகக் கடலில் இறங்கியது. அச்சுவர் 100 கிலோமீட்டருக்கும் மேல் நீள்கிறது. அதன் விளிம்பு எந்நேரமும் இடிந்து விழக்கூடும். ஆதலால் எங்கள் கைகளைப் பற்றிக்கொண்டு அம்மா தொலைவிலேயே நிறுத்திவிட்டார். கண்ணுக்கெட்டிய தொலைவு வரை நீர். அதில் ஒரு துளியும் குடிக்க உதவாது.

மாலையில் மேற்கு ஆஸ்திரேலியாவின் எல்லையை அடைந்தோம். பயிர்களைத் தாக்கும் பூச்சியும் நோயும் பரவாதிருக்க, அங்கு வண்டிகளைச் சோதிக்கின்றனர். அம்மா கொண்டுவந்த எலுமிச்சம்பழங்களையும் கறிவேப்பிலையையும் ஒப்படைக்க நேர்ந்தது. "நாளைக்கு ரசம் மணக்காது" என்று அம்மா வருந்தினார். எல்லையைக் கடந்ததும் கடிகாரத்தை 45 நிமிடம் பின்னோக்கித் திருப்பிவைத்து, யூக்ளா என்னும் ஊரில் தங்கினோம்.

கை கழுவச் சென்ற தம்பி, கலனின் குழாயை மூட மறந்துவிட்டான். அப்பா பார்த்தபோது பாதித் தண்ணீர் மண்ணில் கலந்திருந்தது. அவர் கடிந்துகொள்ளவில்லை. எங்களை அருகில் அமர்த்தி ஒரு வரலாற்றைக் கூறினார்.

1841-ஆம் ஆண்டு எட்வர்ட் ஜான் எயர் என்னும் ஆங்கிலேயர் இக்கரையோரமாக மேற்கே பயணம் செய்தார். அவருடன் பாக்ஸ்டர் என்பவரும் பழங்குடி இளைஞர் மூவரும் சென்றனர். நீரின்றிப் பல நாள்கள் நடக்க வேண்டியிருந்தது. கடற்கரை மணற்குன்றுகளில் எங்கே தோண்டினால் நீர் ஊறும் என்பதை அப்பகுதிப் பழங்குடி மக்களே அவருக்குக் காட்டினர். ஊற்றும் கிடைக்காதபோது, புல்லிலும் புதரிலும் படிந்த பனித்துளிகளை எயர் கடற்பஞ்சினால் ஒற்றிப் பிழிந்தார். உடன் வந்த இளைஞர்கள் பஞ்சுக்கு மாற்றாக ஒரு பிடி மெல்லிய புல்லைப் பயன்படுத்தினர். பின்னர் ஓர் இரவில் பாக்ஸ்டர் கொல்லப்பட்டார். இளைஞர் இருவர் பிரிந்து சென்றனர். வைலி என்னும் இளைஞர் மட்டும் எயருடன் நின்றார். இருவரும் ஜூலை மாதம் ஆல்பனியை அடைந்தனர். எயருக்கு அது பயணத்தின் முடிவு. வைலிக்கோ அது சொந்த மண்.

"அப்படியானால் இங்கே முன்பே மக்கள் இருந்தார்களா?" என்று தம்பி வியந்தான்.

"இது மிர்னிங் மக்களின் தாயகம். இங்கே எது இல்லை என்பதைப் பார்த்து, பின்னால் வந்தவர்கள் பெயர் வைத்தார்கள். எது எங்கே இருக்கிறது என்பது இம்மக்களுக்குத் தெரிந்திருந்தது" என்றார் அப்பா.

மறுநாள் காலையில் தம்பியைப் படுக்கையில் காணவில்லை. பதறி வெளியே ஓடினோம். அவன் குளிரில் நடுங்கியபடி, தூய கைக்குட்டையால் புதர்களை ஒற்றி ஒரு குவளையில் பிழிந்துகொண்டிருந்தான். அரைமணி நேர உழைப்பில் இரண்டு மிடறு நீரே சேர்ந்திருந்தது. அதை அவன் குடிக்கவில்லை. "நேற்று நான் கொட்டிய தண்ணீருக்கு ஈடு" என்று அம்மாவிடம் நீட்டினான். அம்மா ஒரு மிடறு அருந்தி, மறு மிடற்றை அவனுக்கே கொடுத்தார்.

சொல்லும் பொருளும்

அருகிய – குறைந்த
ஈனுதல் – குட்டி போடுதல்
மிடறு – ஒருமுறை விழுங்கும் அளவு
ஈடு – இழப்பைச் சரிசெய்வது

மொழிப்பயிற்சி

கடல் + கரை = கடற்கரை; முள் + செடி = முட்செடி. இவ்வாறு ல், ள் ஆகியவை திரிவதை நோக்கிப் பிரித்து எழுதுக.
1. மணற்குன்று
2. கடற்பஞ்சு

வினாக்கள்

1. நல்லார்பார் சமவெளியில் ஆறுகள் இல்லாமைக்குக் காரணம் யாது?
2. எல்லையில் பழங்களை ஒப்படைக்கச் செய்வது ஏன்?
3. 'வைலிக்கோ அது சொந்த மண்' – விளக்குக.
4. தம்பி பனிநீரைத் தான் குடிக்காமல் அம்மாவிடம் நீட்டியது ஏன்?
5. நீங்கள் இப்போது வாழும் ஊரைப் பற்றி அவ்வூர் மக்களிடம் கேட்டறிந்த செய்தி ஒன்றைப் பத்து வரிகளில் எழுதுக.