எழுத்தும் இடமும்: வன்தட்டுப் பாகங்கள் பற்றி ஒரு பாடம்

சேலத்திலிருந்து ஏற்காட்டிற்கு ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அடிவாரத்திலிருந்து எண்ணி ஏறுபவருக்கு முதலாவதாக வரும் வளைவு, மேலிருந்து எண்ணி இறங்குபவருக்கு இருபதாவதாகிறது. வளைவு இடம் பெயரவில்லை. எண்ணத் தொடங்கிய இடமே மாறியது. இவ்வெளிய உண்மையை மறந்தமையால், மாணவி ஒருவரின் ஈராண்டு உழைப்பை அழித்துவிடும் விளிம்பு வரை சென்று மீண்டோம். அதனைப் பாடமாக இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

அம்மாணவி சேர்வராயன் மலைச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்தவர். மே மாதத்தில் சேர்வராயன் கோயில் திருவிழாவிற்குக் கூடும் மலைவாழ் மூதாட்டியர் பாடும் பாடல்களை ஒலிப்பதிவு செய்து, முதுகலை ஆய்வேட்டிற்காகத் திரட்டி வந்தார். அவற்றைச் சேமித்த மடிக்கணினி, 2011ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பள்ளிப் பருவத்தில் அவர் பெற்றது. அதில் விண்டோஸ், பாஸ் லினக்ஸ் என இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. பின்னது சி-டாக் நிறுவனத்தார் சென்னையில் உருவாக்கியது. நச்சுநிரல் புகுந்து விண்டோஸ் எழும்பாது போகவே, கோடை விடுமுறையில் ஏற்காடு சென்றிருந்த நாம், அதனை மீண்டும் நிறுவித் தருவதாக ஏற்று அவர் இல்லம் சென்றோம்.

வன்தட்டு என்பது ஒரே நிலம் போன்றது. அதனை வரப்பிட்டுப் பல பாகங்களாகப் பிரிக்கலாம். பழைய முறையில், தட்டின் முதல் 512 பைட்டுகளே அதன் நில ஆவணம். அவற்றுள் 446 பைட்டுகள் கணினியை எழுப்பும் சிறுநிரலுக்கும், 64 பைட்டுகள் பாகங்களின் அட்டவணைக்கும், எஞ்சிய 2 பைட்டுகள் அடையாளக் குறிக்கும் உரியவை. ஒரு பாகத்திற்கு 16 பைட்டுகள் வேண்டும். ஆதலின் நான்கு முதன்மைப் பாகங்களுக்கே அங்கு இடமுண்டு. பின்னர் வந்த ஜி.பி.டி. முறையில் விண்டோஸ் 128 பாகங்கள் வரை ஏற்கிறது.

இனி எழுத்துக்கு வருவோம். முற்காலக் கணினிகளில் ஏ, பி என்பன நெகிழ்வட்டுகளுக்கு உரியனவாக இருந்தன. அதனால் வன்தட்டு சி-யில் தொடங்கியது. நெகிழ்வட்டு மறைந்த பின்னும் அவ்வழக்கம் நிலைத்துவிட்டது. நினைவில் இருத்த வேண்டிய செய்தி ஒன்றுண்டு: சி, டி, இ என்னும் எழுத்துகள் அந்தப் பாகங்களின் மேல் பொறிக்கப்பட்டவை அல்ல. விண்டோஸ் தன் பதிவேட்டில் தன் வசதிக்காக எழுதிக்கொண்ட பெயர்களே அவை. வேறொரு விண்டோஸ் வந்து எண்ணினால் வேறு எழுத்துகளை வழங்கக்கூடும்.

அன்று மாலை மழை பெய்து மின்சாரமும் நின்றிருந்தது. மின்கலத்தின் துணையோடு, நிறுவு பென் டிரைவிலிருந்து கணினியை எழுப்பிக் கட்டளைத் திரையைத் திறந்தோம். சி-யைப் பார்த்தோம்; எதுவும் தென்படவில்லை. பாடல்கள் இருப்பதாக மாணவி கூறிய டி-யைப் பார்த்தோம். அங்கே விண்டோஸ் கோப்புகள் இருந்தன. எல்லாம் அழிந்ததோ எனத் திடுக்கிட்டோம். பின்னரே இ-யைப் பார்த்தோம், பாடல்கள் அங்கிருந்தன. விண்டோஸ் தனக்கென ஒதுக்கி எழுத்தின்றி மறைத்து வைத்திருந்த சிறு பாகத்தை, நிறுவு நிரல் சி என எண்ணத் தொடங்கிவிட்டதே காரணம்.

அடுத்து நாம் செய்யவிருந்தது இதனினும் பெரிய பிழை. பட்டியலில் எழுத்தே இல்லாத பெரிய பாகம் ஒன்று இருந்தது. வீணாகக் கிடக்கும் இடம் என்று கருதி, அதனை நீக்கி விண்டோஸோடு சேர்க்க முற்பட்டோம். காப்பியும் மிளகும் பயிரிடும் மாணவியின் தந்தையார் அருகிலிருந்தார். "பேர் எழுதாத நிலமெல்லாம் புறம்போக்கா ஐயா?" என்று வினவினார். நம் கை நின்றது. மாணவி அப்பொழுதுதான் நினைவு கூர்ந்தார்: "ஐயா, அந்தத் தாலாட்டுப் பதிவு பாஸ் லினக்ஸில்தான் இருக்கிறது." தாலாட்டைப் பாடிய மூதாட்டி அதற்கு முந்தைய ஆண்டே இயற்கை எய்தியிருந்தார். லினக்ஸின் கோப்பு முறையை விண்டோஸால் படிக்க இயலாது. படிக்க இயலாததால் எழுத்து வழங்கவில்லை. அவ்வளவே.

கணினியை அணைத்தோம். மறுநாள் சேலம் வந்து, லினக்ஸ் உள்ள பென் டிரைவிலிருந்து அதனை எழுப்பி, எல்லாப் பாகங்களின் கோப்புகளையும் வெளித்தட்டு ஒன்றிற்கு நகலெடுத்த பின்னரே பணியைத் தொடர்ந்தோம்.

இதிலிருந்து நாம் கற்ற ஒழுங்கு வருமாறு. முதலாவது, நகல் வேறொரு கருவியில் இருத்தல் வேண்டும். டி-யில் வைத்தது காப்பன்று. தட்டு பழுதுற்றால் சி-யும் டி-யும் ஒருங்கே போகும். இரண்டாவது, கணினி நலமாக உள்ளபோதே ஒவ்வொரு பாகத்தின் அளவையும் உள்ளடக்கத்தையும் தாளில் எழுதி வைத்து, 'பாடல்கள்' என்பது போன்ற பெயரையும் பாகத்திற்கு இடுக. எழுத்தைப் போலன்றி, இப்பெயர் பாகத்தினுள்ளேயே எழுதப்படுவதால் மாறாது. மூன்றாவது, நிறுவும்போது தேவையற்ற வெளித்தட்டுகளைக் கழற்றிவிடுக. அளவும் பெயரும் ஒத்துப்போகும் விண்டோஸ் பாகத்தை மட்டுமே ஃபார்மட் செய்க, பிறவற்றைத் தொடற்க. இக்காலக் கணினிகளில் தட்டு பூட்டுக்குறியீட்டால் காக்கப்பட்டிருப்பின், மீட்புத் திறவுகோலை முன்னரே குறித்துக்கொள்க.

நான்காவது, பணி முடிந்தபின் எழுத்துகள் மாறியிருப்பின், தரவுப் பாகத்திற்குப் பழைய எழுத்தை வட்டு மேலாண்மைப் பகுதியில் மீண்டும் வழங்கலாம். விண்டோஸ் உள்ள பாகத்தின் எழுத்தை மாற்றலாகாது. ஐந்தாவது, தொடக்கத்தில் லினக்ஸ் தோன்றவில்லையெனில் அது அழிந்ததாக எண்ணற்க. விண்டோஸ் வாயிலை மட்டும் தன்வசப்படுத்தியிருக்கும். வீடு அப்படியே இருக்கும். லினக்ஸ் பென் டிரைவைக் கொண்டு அவ்வாயிலை மீண்டும் அமைத்துக்கொள்ளலாம். நாமும் அவ்வாறே செய்தோம்.

மாணவியின் ஆய்வேடு நிறைவுற்றது. தாலாட்டும் அதில் இடம்பெற்றது. நாட்டார் வழக்காறுகளைத் திரட்டும் தமிழ் மாணவர் அனைவருக்கும் இன்று கணினியே ஏடு. பாடியவர் மறைந்தபின் பதிவே எஞ்சும் சாட்சி. ஆகவே அழிக்கும் பொத்தானை அழுத்துமுன், எழுத்தை நம்பாது இடத்தை அறிக.