'பூர்வம்' என்னும் சொல்

சிங்கப்பூரில் டோபி காட் இரயில் நிலையத்தில் இறங்குவோர் அங்கே டோபியையும் காணார், படித்துறையையும் காணார். 'காட்' என்பது வடஇந்திய மொழிகளில் படித்துறையைக் குறிக்கும். 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர்கள் அங்கு ஓடிய நீரோடையில் துணி துவைத்து, அருகிலிருந்த புல்வெளியில் உலர்த்தினர். அவ்வோடையே பின்னர் ஸ்டாம்ஃபோர்ட் கால்வாய் ஆயிற்று. இரயில் நிலையம் 1987இல் திறக்கப்பட்டது. துவைத்தவர்கள் மறைந்தனர், தொழிலின் பெயர் நிலைத்தது.

நிலையத்திலிருந்து சிறிது தூரம் நடந்தால் தேசிய அரும்பொருளகம். சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் 1819இல் கண்டெடுக்கப்பட்டு, 1843இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்ட பெருங்கல்லின் ஒரு துண்டு அங்கே உள்ளது. அதன் எழுத்துகளை இதுவரை எவரும் ஐயமறப் படித்தாரில்லை. எழுத்துள்ள கல்லையே உடைத்தார்களே என்று நாம் வருந்துவதன்றி வேறென் செய்வது!

இத்தகைய பழம்பொருளை மலாய்மொழியில் 'பூர்பகாலா' என்னும் சொல்லோடு சேர்த்துக் கூறுவர். இது நமக்கு அயலானதன்று. நாம் வழங்கும் 'பூர்வ காலம்' அதுவே. வடமொழியில் 'பூர்வ' என்பதற்கு முன் என்பது பொருள். சூரியன் முன்னே தோன்றும் கிழக்குத் திசைக்கும் அது பெயராயிற்று. 'அபூர்வம்' என்றால் முன்பு இல்லாதது, அதனால் அரியது. 'மனப்பூர்வமாக' என்னுமிடத்தில் மனம் முன்நிற்கிறது. தூய தமிழில் சொல்ல விரும்புவோர்க்குத் தொன்மை, பண்டு, பழமை ஆகியவை உள.

'பூர்வீகம்' என்னும் சொல்லைப் பற்றியே நாம் சற்று விரித்துரைக்க வேண்டும். "உன் பூர்வீகம் எது?" என்று வினவினால், பாட்டனார் பிறந்த ஊரை அறியாத தோட்டப் பிள்ளைகள் தலைகுனிகின்றனர். முன்னோர் வாழ்ந்த இடமே பூர்வீகம். அது கடல் கடந்துதான் இருக்க வேண்டும் என்று எந்த அகராதியும் கூறவில்லை. சேலத்துச் சிற்றூர் ஒன்று பூர்வீகமாயின், மூன்று தலைமுறை பால்மரம் வெட்டிய தோட்டமும் பூர்வீகமே. "எங்களுக்குப் பூர்வீகம் இல்லை, தோட்டந்தான்" என்று சொல்வது பிழை.

ஆயினும் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்படுகையில் அவற்றின் பெயர்களும் அழிகின்றன. டோபி காட்டுக்கு வாய்த்ததுபோல் பெயரைத் தாங்க ஓர் இரயில் நிலையம் எல்லாத் தோட்டங்களுக்கும் வாய்ப்பதில்லை. பாட்டனார் வந்த ஆண்டு, முதலில் வேலை செய்த தோட்டம், குடியிருந்த லயம், கங்காணியின் பெயர் ஆகியவற்றை வீட்டிலுள்ள முதியோரிடம் கேட்டுப் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்தில் இப்பொழுதே எழுதச் செய்யுங்கள்.