மலிவு மளிகை: மலைக் கடைகளுக்கு ஒரு கணக்குப் பாடம்

மளிகை வியாபாரத்தில் "மலிவு" என்ற சொல்லை நாம் இரண்டு பொருளில் வழங்கி வருகிறோம். தரம் குறைந்த சரக்கையும் மலிவு என்கிறோம். விலை குறைந்த சரக்கையும் மலிவு என்கிறோம். மூன்றாவது பொருள் ஒன்றும் உண்டு. தினக்கூலிக் குடும்பம் அன்று கையில் உள்ள காசுக்கு, அன்றைக்கு வேண்டிய அளவில், எடை குறையாமல் வாங்கக்கூடிய சரக்கே அந்த மலிவு. கள்ளக்குறிச்சி, கச்சிராயபாளையம், சங்கராபுரம் கடைவீதிகளில் உள்ள மொத்த வியாபாரிகளையும், கல்வராயன் மலையில் வெள்ளிமலை, கரியாலூர், சேராப்பட்டு போன்ற ஊர்களில் சிறு கடை நடத்துபவர்களையும் மனத்தில் கொண்டு இப்பாடத்தை எழுதுகிறோம்.

2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. 2024 ஜூனில் கள்ளச்சாராயத்தால் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை வசதிகள் குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கு எடுத்தது. சாலை, பள்ளி, மருத்துவமனை ஆகியவை அரசின் பொறுப்பு. அடுப்படிக்குப் போய்ச் சேரும் சரக்கில் பெரும்பங்கு நம் பொறுப்பு.

ரேஷன் கடை தருவதும் தராததும்

மத்திய அரசு 1997இல் வறுமைக் கோட்டை வைத்து ரேஷனைப் பிரித்தபோது, தமிழ்நாடு எல்லாருக்குமான விநியோகத்தைக் கைவிடவில்லை. 2008 செப்டம்பரில் அரிசி கிலோ ஒரு ரூபாயாயிற்று. 2011 ஜூன் முதல் அரிசி அட்டைகளுக்கு விலையில்லாமல் கிடைக்கிறது. அந்த்யோதயா அட்டைக்கு மாதம் 35 கிலோ. 2007இல் தொடங்கிய சிறப்புத் திட்டத்தின்கீழ் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும், பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் நீண்ட காலமாக வழங்கப்பட்டு வந்துள்ளன.

இதனால் அரிசிப் பானை பெரும்பாலும் காலியாவதில்லை. ஆனால் சோறு மட்டும் உணவு ஆகாது. ஒரு கிலோ பருப்பும் ஒரு லிட்டர் எண்ணெயும் ஐந்து பேர் உள்ள வீட்டில் மாதக் கடைசி வரை நிற்பதில்லை. மேலும், வரவேண்டியது வராத மாதமும் உண்டு. 2024 மே மாதத்திற்குரிய பருப்பும் பாமாயிலும் பலருக்கு ஜூனில்தான் கிடைத்தன. மிளகாய், புளி, உப்பு, சோப்பு, கூடுதல் பருப்பு, எண்ணெய் இவையெல்லாம் நம் கடையில் வாங்குபவை. சோற்றுக்குக் குழம்பு உண்டா இல்லையா என்பது நம் விலையைப் பொறுத்தது.

விலை எங்கே ஏறுகிறது?

மலைக் கடைக்காரர் பெரும்பாலும் சிறு முதலீட்டுக்காரர். மூட்டையாக வாங்கப் பணம் இல்லை. பத்துக் கிலோ, ஐந்து கிலோ என்று அடிவாரச் சில்லறைக் கடையில் வாங்கி, பேருந்தில் ஏற்றிக் கொண்டுபோகிறார். ஆக, மொத்த விலைக்கு மேல் ஒரு சில்லறை லாபமும் சுமைக் கட்டணமும் ஏறிய பின்னரே சரக்கு அவர் கடைக்கு வருகிறது. அதன்மேல் அவர் லாபம் வைக்க வேண்டும். வாங்குபவரோ ஐம்பது கிராம், நூறு கிராம் என்று வாங்குபவர். கிலோக் கணக்கில் பார்த்தால், ஏழையே அதிக விலை கொடுக்கிறார். இதில் யாரும் கொள்ளை லாபம் அடிக்கவில்லை; கொள்முதல் முறையிலேயே குறை இருக்கிறது.

முன்னோர் காட்டிய வழி

இக்குறைக்குத் தீர்வு புதிதல்ல. 1844 டிசம்பரில் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 28 தொழிலாளர்கள் ஆளுக்கு ஒரு பவுன் போட்டு ஒரு கடை திறந்தார்கள். வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ், மெழுகுவர்த்தி இவ்வளவே சரக்கு. கலப்படமற்ற பொருள், சரியான எடை, ரொக்க விற்பனை, வாங்கிய அளவுக்கேற்ப லாபப் பங்கு என்பவை அவர்களின் விதிகள். அந்த வழியில் 1904இல் சென்னையில் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. அவ்வாண்டின் கூட்டுறவுச் சட்டம் கடன் சங்கங்களுக்கு மட்டுமே இடம் தந்தது. பிற சங்கங்களுக்கு இடமளித்தது 1912ஆம் ஆண்டுச் சட்டமே. சட்டம் வருமுன்பே பண்டகசாலை நடந்தது என்பது நாம் கருதத்தக்கது. பின்னாளில் பழங்குடிப் பகுதிகளுக்கென ஏற்பட்ட பெரும்பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களும், மலைமக்களின் விளைபொருளை நியாய விலைக்கு வாங்கி, வேண்டிய பொருளை நியாய விலைக்குத் தருவதையே நோக்கமாகக் கொண்டவை.

இம்முயற்சிகள் யாவற்றிலும் பொதுவாக உள்ளது கூட்டுக் கொள்முதல். அதைச் செய்யக் கடையைக் கூட்டுறவுச் சங்கமாக மாற்ற வேண்டியதில்லை. பத்துக் கடைக்காரர்கள் சேர்ந்து வாங்கினாலே போதும்.

ஒரு மாதிரிக் கணக்கு

கீழே உள்ள விலைகள் கணக்கு விளங்குவதற்காக எடுத்துக்கொண்டவை. அன்றைய சந்தை விலையைப் போட்டு ஒவ்வொருவரும் தம் கணக்கைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தனியாக வாங்கும் கடை: துவரம் பருப்பு கிலோ 112 ரூபாய், பேருந்துச் சுமை கிலோவுக்கு 6, தூசி, சிந்தல் 1, பொட்டலக் காகிதம் 4. அடக்கம் 123 ரூபாய். நூறு கிராம் 14 ரூபாய்க்கு விற்றால் கிலோவுக்கு 140, லாபம் 17. மாதம் 10 கிலோ விற்றால் 170 ரூபாய்.

பத்துக் கடை சேர்ந்து மூட்டையாக வாங்கினால்: மண்டி விலை கிலோ 100, பங்கு போட்ட வண்டி வாடகையும் ஏற்று இறக்குக் கூலியும் 3, தூசி, சிந்தல் 1, காகிதம் 4. அடக்கம் 108. நூறு கிராம் 12 ரூபாய்க்கு விற்றால் கிலோவுக்கு 120, லாபம் 12. மாதம் 15 கிலோ விற்றால் 180 ரூபாய்.

கிலோவுக்கு லாபம் ஐந்து ரூபாய் குறைகிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. விற்பனை ஏறத்தாழ ஒன்றரை மடங்கானால்தான் பழைய வருமானம் நிற்கும். அந்தக் கூடுதல் விற்பனை எங்கிருந்து வரும்? பேருந்துக் கட்டணம் கொடுத்து அடிவாரத்திற்கு வந்து மாதச் சாமான் வாங்கிப் போகும் குடும்பங்களிடமிருந்து வரும். பருப்பைக் குறைத்து வெறும் ரசத்தில் நாளை ஓட்டும் வீடுகளிலிருந்தும் வரும். இவ்விரண்டும் இல்லாத சிற்றூரில் இக்கணக்கு பலிக்காது. அங்கே தொடங்குமுன் நன்கு விசாரித்துக் கொள்ளவும். நாள் ஒன்றுக்கு நூறு கிராம் பருப்பு வாங்கும் வீட்டுக்கு மாதம் 60 ரூபாய் மிச்சம். பருப்பு, மிளகாய், புளி, எண்ணெய் என்று நான்கு சரக்கிலும் இப்படியே மிஞ்சினால், ஏழை வீட்டில் அது சிறு தொகையல்ல.

கடன் நோட்டு

மலையில் ரொக்கம் வருவதற்குக் காலம் உண்டு. மரவள்ளி வெட்டும்போதும், கடுக்காய், புளி எடுக்கும்போதும், வெளியூர் வேலைக்குப் போனவர்கள் திரும்பும்போதும் பணம் புழங்கும். இடைப்பட்ட மாதங்களில் கடன் இல்லாமல் கடை நடக்காது. ரொக்கத்திற்கே விற்பது என்ற ராச்டேல் விதியை அப்படியே இங்கு கொண்டுவர முடியாது. ஆகவே கடனை ஒழிப்பதைவிட ஒழுங்குபடுத்துவதே நடைமுறைக்கு ஏற்றது.

முதலில், கடனுக்கு ஒரு விலை, ரொக்கத்திற்கு ஒரு விலை என்று இரண்டு வைக்காதீர்கள். இரண்டாவது, குடும்பத்துக்கு இவ்வளவுதான் என்று ஓர் உச்சவரம்பை முன்னதாகவே சொல்லிவிடுங்கள். மூன்றாவது, நம்மிடம் ஒரு நோட்டு இருப்பதுபோல் அவர்களிடமும் ஒரு சிட்டை இருக்கட்டும். இரண்டிலும் ஒரே நேரத்தில் எழுதுங்கள். நான்காவது, சரக்குக் கடனுக்கு ஈடாக விளைச்சலைக் குறைந்த விலைக்கு முன்கூட்டியே பேசி வாங்காதீர்கள். அந்த வியாபாரம் ஒரு பருவத்தில் லாபம் தரும்; அடுத்த பருவத்தில் அந்த வீட்டில் வாங்கும் சக்தியே இராது.

கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டியவை

ரேஷன் அரிசியை எந்த வாடிக்கையாளரிடமிருந்தும் வாங்கக் கூடாது; பருப்புக்கு மாற்றாகவும் ஏற்கக் கூடாது. அது 1955ஆம் ஆண்டு அத்தியாவசியப் பண்டங்கள் சட்டத்தின்கீழ் குற்றம். ஒரு வீட்டின் சோற்றை எடுத்துக்கொண்டு குழம்புக்குச் சாமான் தருவது உதவியும் ஆகாது. குடும்ப அட்டையை அடகாகப் பிடித்து வைப்பதும் அவ்வாறே.

பாக்கெட்டில் அச்சிட்ட அதிகபட்ச விலைக்கு மேல், மலைக் கூலி என்று சொல்லி ஒரு ரூபாயும் கூட்டக் கூடாது. எடைக் கருவிக்கு உரிய காலத்தில் முத்திரை வைக்க வேண்டும். 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை முன்னதாகவே கட்டிப் பெயரும் விவரமும் ஒட்டி விற்கும் பருப்பு, அரிசி முதலியவற்றுக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு, வாங்குபவர் முன் நிறுத்துக் கட்டித்தரும் உதிரிச் சரக்குக்கு இல்லை. ஆகவே மலைக் கடைக்கு நிறுத்துக் கட்டும் பொட்டலமே ஏற்றது. 2019 ஜனவரி முதல் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை உள்ளதால் காகிதமே பயன்படுத்துக.

தொடங்கும் முறை

பத்துக் கடைக்காரர்கள் கூடுங்கள். முதல் மூன்று மாதம் நான்கு சரக்கு மட்டும் போதும். மாதத்தில் இரண்டு கொள்முதல் நாள் குறியுங்கள். பணத்தை முன்னதாகச் சேர்த்த பிறகே மண்டிக்குப் போங்கள். மண்டியில் கடன் சொன்னால் விலைச் சலுகை போய்விடும். ரோக்காவை எல்லாரும் பார்க்கும்படி வைத்து, சுமைக் கூலியை எடைக்கேற்பப் பிரியுங்கள். விற்கும் விலையைப் பலகையில் எழுதி வெளியே வையுங்கள். கள்ளக்குறிச்சி மொத்த வியாபாரிகள் இத்தகைய குழுவை ஒரே வாடிக்கையாளராக ஏற்று, மூட்டை விலையைத் தர முன்வர வேண்டும்.

கூடவே ஒரு தகவலையும் வாடிக்கையாளருக்குச் சொல்லுங்கள். ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டம் 2020 அக்டோபரில் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. வெளியூர் வேலைக்குப் போகும் குடும்பம் தன் அட்டையின் பங்கைப் போன இடத்தில் கேட்டுப் பெறலாம். இதைச் சொல்வதால் நமக்கு விற்பனை குறையாது. அரிசிக்குச் செலவாகும் பணம் மிஞ்சினால் அது நம்மிடம் பருப்பாகவும் எண்ணெயாகவும் திரும்பி வரும்.

தருமத்திற்காக நடத்தும் கடை, தருமம் செய்பவரின் கை சோர்ந்ததும் மூடிவிடும். கணக்கில் நிற்கும் கடையே ஆண்டுக்கணக்கில் திறந்திருக்கும். மலைமேல் ஒரு வீட்டில் பருப்பு வேகும் நாள்கள் கூடுவதும், நம் கல்லாவில் பணம் குறையாமல் இருப்பதும் ஒரே கொள்முதல் சீட்டில் அடங்கும் என்பதை நம் வணிகர்கள் செய்து பார்த்து அறிந்துகொள்ள வேண்டும்.