எலி நமக்கு, பன்னி சர்க்காருக்கு: புதுக்கடையில் ஒரு தொழில் கணக்கு

பிளேஸ்மென்ட் சீசன் நடந்துட்டு இருக்கு. ஒரு பக்கம் சென்னை, பெங்களூரு. இன்னொரு பக்கம் கல்ஃப். "ஊர்லயே இருந்து ஏதாவது பண்ணிப் பிழைக்க முடியாதா?" என்று யோசிக்கிறவங்க நம்ம கிளாஸ்லயே நிறைய பேர் இருக்காங்க. அவங்களுக்காகத்தான் இந்தப் பாடம். எடுத்துக்கிட்ட தொழில் கொஞ்சம் வித்தியாசமானது: வீட்டுக்கும் விளைக்கும் தொல்லை கொடுக்கிற பிராணிகளைக் கட்டுப்படுத்துறது.

அமெரிக்காவில் இது பலருக்கு முழுநேரத் தொழில். மச்சுல ரக்கூன் புகுந்துட்டா ஒருத்தருக்கு போன் போடுவாங்க. அவர் வந்து கூண்டு வைப்பார், பிடிப்பார், ஓட்டையை அடைப்பார், பில் கொடுப்பார். யூடியூபில் இந்த வீடியோக்களைப் பார்த்தா, நம்ம புதுக்கடையிலும் பண்ணலாமேன்னு தோணும். தேவையும் இருக்கு. தென்னையில எலி, மரச்சீனி விளையில பெருச்சாளி, ஓட்டு வீட்டு மச்சுல மரநாய், மழை பெய்தா முற்றத்துல பாம்பு. ஆனா அந்தத் தொழிலை அப்படியே காப்பி அடிச்சா நீங்க பேங்குக்குப் போறதுக்கு முன்னாடி கோர்ட்டுக்குப் போவீங்க. ஏன்னு முதல்ல பார்ப்போம்.

தொடக்கூடாதவை

1972-ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தில் "வேட்டை" என்ற சொல்லுக்கு அர்த்தம் ரொம்பப் பெரிசு. கொல்வது மட்டுமல்ல, பிடிப்பது, கண்ணி வைப்பது, இரை வைத்து வரவழைப்பது, விரட்டுவது, இவற்றுக்கு முயற்சி செய்வது எல்லாமே அதில் அடங்கும். 2022-இல் சட்டத்தைத் திருத்தினாங்க. மயில் ஏற்கெனவே முதல் அட்டவணையில் இருந்தது. இப்போ நம்ம ஊர் நாட்டுக் குரங்கும் அங்கே இருக்கு. முதல் அட்டவணை விலங்கு விஷயத்தில் தண்டனை 3 முதல் 7 வருஷம் சிறை, அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. மரநாய், பாம்பு, முள்ளம்பன்னி, காட்டுப்பன்னி எதுவுமே நாம காசு வாங்கிட்டுப் பிடிக்கிற ஐட்டம் இல்லை.

"காட்டுப்பன்னியைச் சுட அனுமதி கொடுத்துட்டாங்களே?" என்று கேட்பீங்க. கொடுத்தது உண்மை. யாருக்கு என்பதுதான் விஷயம். 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு அறிவித்த முறைப்படி, காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டர் வரை பன்னியைக் கொல்லக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை கூண்டு வச்சுப் பிடிச்சு காட்டுல விடணும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் சுடலாம். ஆனா சுடுறது வனத்துறை ஆட்கள். களியக்காவிளை தாண்டினா கதை வேற. கேரளாவில் 2022 முதல் உள்ளாட்சித் தலைவரே உத்தரவு போடலாம், பட்டியலில் உள்ள லைசென்ஸ் துப்பாக்கிக்காரர் சுடுவார். அந்தச் செய்தியை வாட்ஸ்அப்பில் பார்த்துட்டு இந்தப் பக்கம் இறங்கிடாதீங்க. எல்லை அரை மணி நேரத் தூரம்தான், சட்டம் வேற.

பாம்பு வந்தா தீயணைப்புத் துறைக்கோ வனத்துறைக்கோ சொல்லணும். அந்த நம்பரை உங்க விசிட்டிங் கார்டுக்குப் பின்னாடி அச்சடிச்சுக் கொடுங்க. பாம்பு பிடிக்கலைன்னாலும் உங்க கார்டு அந்த வீட்டுச் சுவரில் இருக்கும்.

பாம்பு பிடிச்சே பிழைச்சவங்க

அப்படின்னா நம்ம மாநிலத்தில் இந்தத் தொழிலைச் சட்டப்படி செய்து யாருமே பிழைக்கலையா? பிழைச்சிருக்காங்க. அவங்களைப் படிக்காம இந்தப் பாடம் முடியாது. செங்கல்பட்டு பக்கம் இருக்கிற இருளர்கள் தலைமுறை தலைமுறையா பாம்பு பிடிச்சவங்க. ஒரு காலத்தில் தோல் வியாபாரிகளுக்கு விற்றாங்க. 1972 சட்டமும் 1976-இல் வந்த ஏற்றுமதித் தடையும் அந்த வருமானத்தை நிறுத்திடுச்சு. கையில் இருக்கிற வித்தை ஒரே ராத்திரியில் குற்றமா மாறிப்போச்சு.

1978-இல் ராமுலஸ் விட்டேக்கர் உதவியோட இருளர் பாம்பு பிடிப்போர் தொழில் கூட்டுறவு சங்கம் தொடங்கினாங்க. இடம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி. அவங்க செஞ்சது என்னன்னா, விற்கிற பொருளை மாத்தினாங்க. தோலுக்குப் பதில் விஷம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நாலு வகையை, அரசு அனுமதிச்ச எண்ணிக்கைக்குள் பிடிச்சு, சில வாரம் பானையில் வச்சு, விஷம் எடுத்து, அடையாளம் போட்டு, திரும்பக் காட்டுல விடுறாங்க. அந்த விஷம் விஷமுறிவு மருந்து தயாரிக்கப் போகுது. எத்தனை பிடிச்சோம், எத்தனை விட்டோம் என்று எல்லாத்துக்கும் பதிவேடு உண்டு. அந்தப் பதிவேடு இருக்கிறதாலதான் அனுமதி நிலைக்குது.

அந்த வித்தையோட மதிப்பு 2017-இல் உலகத்துக்குத் தெரிஞ்சது. வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரையும் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம் கூப்பிட்டது. அங்கே பரவிப்போன பர்மிய மலைப்பாம்புகளில் முதல் இரண்டு வாரத்துக்குள் 13-ஐ அவங்க பிடிக்க உதவினாங்க. 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைச்சது.

நம்ம கல்லூரிக்கு இன்னும் நெருக்கமான பாடம் ஒண்ணு இருக்கு. வயல் எலி பிடிக்கிறதும் இருளர் வேலைதான். மண்பானையில் புகை போட்டு, வாயால ஊதி, வளைக்குள்ள அனுப்புவாங்க. கை சுடும், வாய் வேகும், நெஞ்சு கெடும். 2003-இல் உலக வங்கியின் ஒரு போட்டியில் நிதி வாங்கி, தமிழ்நாட்டுத் தொண்டு நிறுவனம் ஒண்ணு இரும்பில் கையால சுத்துற புகை ஊதுகருவியைச் செய்து கொடுத்தது. ஃபேன், கைப்பிடி, புகைக்கலம், அவ்வளவுதான். நம்ம செகண்ட் இயர் மெக்கானிக்கல் லேபில் செய்யக்கூடிய மெஷின். ஆனா அதைச் செய்ய ஊதுறவனோட வாயை யாரோ ஒருத்தர் கவனிச்சிருக்கணும்.

நமக்கு மிச்சம் இருப்பது

வீட்டு எலி, பெருச்சாளி, சுண்டெலி. இவை அந்த அட்டவணைகளில் இல்லை. அதோடு, எந்தப் பிராணியையும் தொடாம அது வர்ற வழியை அடைக்கிற வேலை. இதுக்கு எந்தச் சட்டமும் தடை இல்லை. நம்ம தொழில் இதுதான்: பிராணியைப் பிடிச்சு விற்காதீங்க, அடைச்ச வீட்டை விற்பனை பண்ணுங்க.

வீடு: சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் சந்து போதும். எலிக்கு 12 மில்லிமீட்டர். அதனால 6 மில்லிமீட்டர் கண்ணுள்ள இரும்பு வலை உங்க முதல் சரக்கு. ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளி, குழாய் நுழையுற ஓட்டை, கதவுக்கு அடியில உள்ள சந்து, வீட்டு மேல சாயுற மாமரக் கொம்பு ஆகிய நாலையும் பாருங்க. பிளாஸ்டிக், மரம், வெறும் ஃபோம் எல்லாத்தையும் எலி கடிச்சிடும். ஒரு எச்சரிக்கை: மச்சுல மரநாய் குட்டி போட்டிருந்தா அடைக்கக் கூடாது. குட்டி வளர்ந்து வெளியே போன பிறகுதான் அடைக்கணும். உள்ளே வச்சு அடைச்சா அது கொடுமை, சட்டப்படியும் சிக்கல்.

தென்னை: காம்புப் பக்கத்துல ஓட்டை விழுந்த கருக்கு கீழே கிடந்தா எலி வேலை. மரத்தில் சுமார் 2 மீட்டர் உயரத்தில் 40 சென்டிமீட்டர் அகலத் தகடு சுற்றினா எலி வழுக்கிடும். ஆனா ஓலைகள் பக்கத்து மரத்தைத் தொட்டா தகடு வீண். எலி மேலேயே மரம் விட்டு மரம் போயிடும். முதல்ல விளையை நடந்து பார்த்து, எந்த மரம் எதைத் தொடுதுன்னு ஒரு படம் போடுங்க. கிராஃப் தியரி படிச்சது இங்கே உதவும்.

பொறி: எலிக்குப் புதுப்பொருள் என்றால் சந்தேகம். முதல் சில நாள் பொறியை விசை ஏத்தாம, வறுத்த தேங்காயோ கருவாடோ மட்டும் வச்சு விடுங்க. பழகின பிறகு விசை ஏத்துங்க. சுவரை ஒட்டி வைக்கணும், நடு ரூமில் இல்லை. பசை அட்டை வேண்டாம். அதைத் தடை செய்யச் சொல்லி இந்திய விலங்கு நல வாரியம் மாநிலங்களுக்கு எழுதியிருக்கு.

மருந்து விஷயத்தில் நம்ம டிகிரி செல்லாது

இது பலருக்கும் அதிர்ச்சியா இருக்கும். காசு வாங்கிட்டுப் பூச்சிக்கொல்லி, எலிமருந்து வைக்கணும்னா 1968 பூச்சிக்கொல்லிச் சட்டமும் 1971 விதிகளும் சொல்ற லைசென்ஸ் வேணும். அதுக்கு அவங்க கேட்கிறது வேளாண்மைப் பட்டம், அல்லது வேதியியல் ஒரு பாடமா இருக்கிற அறிவியல் பட்டம். கூடவே மைசூர் சிஎஃப்டிஆர்ஐ மாதிரி குறிப்பிட்ட நிறுவனங்களில் குறைந்தது 15 நாள் பயிற்சி. பி.இ. அந்தப் பட்டியலில் இல்லை. அதனால ரெண்டு வழிதான். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடிச்ச ஒரு நண்பரைப் பார்ட்னரா சேருங்க. அல்லது மருந்தே தொடாம வலை, தகடு, பொறி மட்டும் வச்சுத் தொடங்குங்க. நான் சொல்றது ரெண்டாவது. குழந்தை, கோழி, ஆடு நடமாடுற வீட்டில் "மருந்தில்லாம செய்றோம்" என்பதே நல்ல விளம்பரம். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசையைத் தமிழ்நாட்டில் தடை செய்தது ஏன்னு உங்களுக்குத் தெரியும். உயிர்கள் போயிருக்கு.

யார் காசு கொடுப்பாங்க?

இந்தத் தொழிலில் ஒரு வேடிக்கை உண்டு. வேலையை நல்லா செஞ்சா அந்த வீட்டுக்காரர் மறுபடி கூப்பிடவே மாட்டார். வீடுகளை மட்டும் நம்பினா மாசா மாசம் புது ஆள் தேடணும். ஆனா உணவு விற்கிற, தயாரிக்கிற இடங்களுக்கு 2011 உணவுப் பாதுகாப்பு விதிமுறைகளின் நான்காம் அட்டவணை இருக்கு. எலி, பூச்சிக் கட்டுப்பாடு அவங்க கடமை. பேக்கரி, ஹோட்டல், முந்திரி ஆலை, பலசரக்குக் குடோன், ஹாஸ்டல் மெஸ். இவங்களுக்கு வேண்டியது செத்த எலி இல்லை. இன்ஸ்பெக்டர் கேட்டா காட்ட ஒரு ஃபைல். தேதி, பொறி எண், என்ன கிடைச்சது, எந்த ஓட்டை அடைச்சோம், போட்டோ. இருளர் சங்கத்தோட பதிவேடு ஞாபகம் வருதா? அதே பாடம்தான்.

ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். எண்கள் உதாரணம்தான், நீங்க விசாரிச்சு மாத்திக்கணும். மாசம் 1,500 ரூபாய்க்கு 40 ஒப்பந்தம் என்றால் 60,000. உதவியாளர் சம்பளம் 18,000, பெட்ரோல் 6,000, வலையும் பொறியும் 8,000, கடை வாடகையும் போனும் 4,000, வராக்கடனுக்கு ஒதுக்குறது 4,000. செலவு 40,000. கையில் 20,000. பெரிய சம்பளம் இல்லை. ஆனா ஹாஸ்டல் வாடகை இல்லை, சாப்பாடு வீட்டில். அந்த 40-ஐப் பிடிக்க ஒரு வருஷத்துக்கு மேலேகூட ஆகலாம், அதுவரை தாங்க வழி இருக்கான்னு வீட்டில் உட்கார்ந்து பேசிட்டு இறங்குங்க. கடன் வேணும்னா நாகர்கோவிலில் மாவட்டத் தொழில் மையத்தில் 25 சதவீதம் மானியத் திட்டங்களைப் பத்தி விசாரிக்கலாம். ஆனா முதல் ஆறு மாசத்துக்குக் கடன் இல்லாம நடத்த முடியுற தொழில் இது.

உடம்பு முக்கியம்

எலி மூத்திரத்தில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும். மழைக்காலத்தில் நம்ம பக்கம் அது சின்ன விஷயம் இல்லை. கையுறை, பூட்ஸ் இல்லாம உதவியாளரை வேலைக்கு அனுப்பாதீங்க. காலில் காயத்தோட ஈரத்தில் இறங்கினவருக்குக் காய்ச்சல் வந்தா, டாக்டரிடம் செய்ற வேலையைச் சொல்லணும். சொன்னாத்தான் அவர் அதைச் சந்தேகிப்பார்.

இந்த மாசம் செய்ய வேண்டியது

ஒரு டேப், ஒரு டார்ச், ஒரு நோட்டு எடுத்துக்குங்க. உங்க தெருவில் தெரிஞ்ச அஞ்சு வீட்டுக்கும் ஒரு பேக்கரிக்கும் போய், "அண்ணாச்சி, காசு வேண்டாம், எலி எங்கே நுழையுதுன்னு மட்டும் பார்த்துச் சொல்றேன்" என்று கேளுங்க. ஒவ்வொரு ஓட்டையையும் அளந்து எழுதுங்க. அடைக்க எவ்வளவு ஆகும்னு கணக்குப் போட்டு ஒரே பக்கத்தில் கொடுங்க. ஆறு பேரில் ரெண்டு பேர் "சரி, செய்து கொடு தம்பி" என்றால் உங்களுக்குத் தொழில் இருக்கு. யாருமே சொல்லலைன்னா அந்த நோட்டோட இன்னொரு தெருவுக்குப் போங்க. அங்கேயும் கிடைக்கலைன்னா பிளேஸ்மென்ட் ஃபார்ம் கடைசித் தேதி இன்னும் தாண்டலை.