நரம்பும் நஞ்சும்

நுழையும்முன்

மூளை இடும் கட்டளையைத் தசைக்குக் கொண்டு சேர்ப்பவை நரம்புகள். செய்தி தசையைத் தொடும் இடத்தில் தடை ஏற்பட்டால் மூச்சே நின்றுபோகும். வயல்வெளி சூழ்ந்த ஊர்களில் வாழ்வோர் அறிந்திருக்க வேண்டிய உடலியல் உண்மை இது.

கங்கைகொண்ட சோழபுரத்தை அடுத்த மீன்சுருட்டியைச் சுற்றி நெல்லும் கரும்பும் முந்திரியும் விளைகின்றன. விளைச்சல் உள்ள இடத்தில் எலி உண்டு; எலி உள்ள இடத்தில் பாம்பும் உண்டு. இந்தியாவில் உயிரிழப்புக்குப் பெரிதும் காரணமானவை நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்னும் நான்கு பாம்புகளாகும். விரியன் எனப் பெயர் பெற்றிருப்பினும், கட்டுவிரியன் நல்லபாம்பின் குடும்பத்தைச் சேர்ந்தது. இவ்விரண்டின் நஞ்சும் நரம்பின் செயலை முடக்கும்.

செய்தி செல்லும் வழி

மூளையும் தண்டுவடமும் மைய நரம்பு மண்டலம் ஆகும். மூளை ஏறத்தாழ 1.4 கிலோகிராம் எடையுடையது. தண்டுவடம் ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் நீளமுடையது. மூளையிலிருந்து 12 இணை நரம்புகளும், தண்டுவடத்திலிருந்து 31 இணை நரம்புகளும் கிளைத்து உடலெங்கும் பரவுகின்றன. இவை புற நரம்பு மண்டலத்தைச் சேர்ந்தவை.

நரம்பு மண்டலத்தின் அடிப்படை அலகு நியூரான். இதன் டெண்டிரைட்டுகள் செய்தியைப் பெறுகின்றன. ஆக்சான் அதனைக் கடத்துகிறது. இடுப்புப் பகுதியிலிருந்து பாதம் வரை செல்லும் ஆக்சான் ஒரு மீட்டர் அளவுக்கும் நீளும். சோடியம், பொட்டாசியம் அயனிகள் இடம்பெயர்வதால் மின்தூண்டல் உண்டாகிறது. மையலின் உறையுடைய சில நரம்பிழைகளில் அது நொடிக்கு 100 மீட்டர் வேகத்தையும் எட்டும்.

கடைசி இடைவெளி

இத்துணை விரைந்து வரும் மின்தூண்டல் தசையை நேரடியாகத் தொடுவதில்லை. நரம்பு முனைக்கும் தசைக்கும் இடையே கண்ணுக்குப் புலப்படாத இடைவெளி உள்ளது. அதனைக் கடப்பது அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருள். நரம்பு முனையிலிருந்து வெளிப்படும் அது, தசையிலுள்ள ஏற்பிகளில் பொருந்தியதும் தசை சுருங்குகிறது.

நரம்பின் செய்தியை வேதிப்பொருள் கடத்துகிறது என்பதை 1921இல் ஆட்டோ லோவி மெய்ப்பித்தார். ஒரு தவளையின் இதய நரம்பைத் தூண்டி, அவ்விதயத்தின் துடிப்பைக் குறைத்தார். அதிலிருந்த நீர்மத்தை வேறொரு தவளையின் இதயத்தில் செலுத்தினார். தூண்டப்படாத அவ்விதயமும் மெதுவாகத் துடித்தது. 1936இல் ஹென்றி டேலுடன் இவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

நஞ்சின் வேலை

நல்லபாம்பின் நஞ்சு தசையின் ஏற்பிகளை அடைத்துக்கொள்கிறது. பூட்டில் சிக்கிய மாற்றுச் சாவியைப் போன்றது அது. கட்டுவிரியனின் நஞ்சோ நரம்பு முனையையே சிதைத்து, அசிட்டைல்கோலின் வெளிப்படுவதைத் தடுக்கிறது. முதலில் இமைகள் சரியும், பேச்சு குழறும், விழுங்குதல் கடினமாகும். இறுதியில் மூச்சை இயக்கும் உதரவிதானம் செயலிழக்கும். அந்நிலையிலும் மூளை விழிப்புடன் இருக்கக்கூடும். அசைவற்றுக் கிடப்பவர் அருகிலிருப்போர் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

கட்டுவிரியன் இரவில் நடமாடும். தரையில் உறங்குவோரைக் கடிப்பதுண்டு. கடிவாயில் வலியும் வீக்கமும் பெரும்பாலும் இருப்பதில்லை. எனவே, வலி இல்லை என்பதால் நஞ்சு இல்லை என்று கொள்ளலாகாது. விடியற்காலையில் காரணமின்றி வயிற்றுவலியும் இமைச்சரிவும் தோன்றினால் ஐயுற வேண்டும்.

கடிவாயைக் கீறுதலும் உறிஞ்சுதலும் இறுகக் கட்டுதலும் தீங்கானவை. கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, 108 ஊர்தியை அழைத்து, மருத்துவமனைக்கு விரைதலே முறை. நச்சுமுறிவு மருந்து குருதியில் உலவும் நஞ்சை முறிக்கும். சிதைந்த நரம்பு முனையைச் சீராக்காது. அம்முனை மீண்டும் வளரும்வரை, சிலருக்கு நாள்கணக்கில் செயற்கைச் சுவாசம் தேவைப்படும். ஆகவே, காலம் தாழ்த்தாமையே உயிர்காக்கும் முதல் மருந்து.

தெரிந்து தெளிவோம்

சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம், பாம்புகளிலிருந்து நஞ்சை எடுத்து மருந்து நிறுவனங்களுக்கு வழங்குகிறது. அந்நஞ்சு சிறிது சிறிதாகக் குதிரைகளுக்குச் செலுத்தப்படும். அவற்றின் குருதியில் உருவாகும் எதிர்ப்பொருளே நச்சுமுறிவு மருந்தாகிறது. இருளர்தம் மரபறிவு பல உயிர்களைக் காத்து வருகிறது.

கற்பவை கற்றபின்...

1. மின்தூண்டல் தசைச் சுருக்கமாக மாறும் படிநிலைகளை வரிசைப்படுத்தி எழுதுக.
2. உம் ஊர்ப் பெரியோரிடம் பாம்புக்கடி பற்றிய நம்பிக்கைகளைக் கேட்டறிந்து, அவற்றுள் அறிவியலுக்கு ஏற்றவற்றையும் ஒவ்வாதவற்றையும் வகுப்பில் கலந்துரையாடுக.