படிப்புக்குப் பென்சன் வயசு கிடையாது



வயது வந்துவிட்டால் செக்ரோலில் இருந்து நமது பெயரை எடுத்துவிடுகிறார்கள். சேமலாப நிதிப் பணம் கைக்கு வருகிறது. அதோடு நமது வாழ்க்கையும் ஒரு மூலைக்குப் போய்விடுகிறது. "இனி என்ன, பேரப்பிள்ளைகளைப் பாத்துக்கிட்டு குந்தியிருக்க வேண்டியதுதான்" என்று நாமே சொல்லிக்கொள்கிறோம். ஒரு தாத்தா பேரனின் சரித்திரப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினால் போதும், "இந்த வயசுல படிச்சு துரையாகப் போறீங்களா?" என்று வீட்டில் ஒரு கேலிக்குரல் வந்துவிடும்.

இந்தப் பாடத்தில், எண்பது, தொண்ணூறு வயதுக்குப் பிறகு படித்துப் பட்டம் வாங்கிய சிலரைப் பற்றிப் பார்ப்போம். அவர்கள் எப்படிப் படித்தார்கள் என்பதையும், நமது லயத்து வாழ்க்கையில் அதற்கு வழி உண்டா என்பதையும் யோசிப்போம்.

ஒரு ரயில்வே தொழிலாளி

இத்தாலி நாட்டில் சிசிலி என்று ஒரு தீவு இருக்கிறது. அதன் பெரிய பட்டினம் பலேர்மோ. அங்கே 1923இல் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர் ஜுசெப்பே பத்தெர்னோ. சின்ன வயதிலேயே புத்தகம் என்றால் அவருக்கு உயிர். ஆனால் வீட்டு வறுமை மேற்படிப்புக்கு இடம் கொடுக்கவில்லை. இரண்டாம் உலக யுத்தம் வந்தபோது கடற்படையில் சேர்ந்தார். யுத்தம் முடிந்து ரயில்வேயில் வேலை பார்த்தார். கல்யாணம் முடித்தார், இரண்டு பிள்ளைகளை வளர்த்தார்.

நமது கதை மாதிரியே இருக்கிறதல்லவா? ஆனால் அவர் ஒரு விஷயத்தை விடவில்லை. வேலை, குடும்பம் எல்லாவற்றுக்கும் நடுவில் 31 வயதில் உயர்தரப் பள்ளிப் படிப்பை முடித்தார். பல்கலைக்கழகம் போகும் ஆசை மட்டும் மனதுக்குள் கிடந்தது. பென்சன் வாங்கியும் பல வருஷம் போய்விட்டது. கடைசியில் 2017இல், 93 வயதுக்கு மேல், "இப்போது இல்லாவிட்டால் எப்போது?" என்ற எண்ணத்தோடு பலேர்மோ பல்கலைக்கழகத்தில் சரித்திரமும் தத்துவமும் படிக்கப் பதிவு செய்தார்.

அவர் படித்த விதத்தைக் கவனியுங்கள். காலை ஏழு மணிக்கு எழுந்து படிப்பார். பகலில் ஓய்வு. பின்னேரம் திரும்பவும் தொடங்கி நடுச்சாமம் வரை படிப்பார். எழுத வேண்டியதைப் பழைய தட்டச்சு இயந்திரத்தில்தான் அடித்தார். கம்பியூட்டரில் தேடுவதை விட அச்சுப் புத்தகமே அவருக்குப் பழக்கம். கூடப் படித்தவர்கள் அவரை விட எழுபது வயதுக்கு மேல் இளையவர்கள். 2020இல் கொரோனா நோய் வந்து வகுப்புகள் வீடியோவுக்கு மாறின. அதற்கும் அவர் பின்வாங்கவில்லை. அந்த வருஷம் ஜூலை மாதம், 96 வயதில், அதியுயர் சித்தியோடு, வகுப்பிலேயே முதலாவதாகப் பட்டம் பெற்றார். அங்கும் நிற்கவில்லை. 2022இல், 98 வயதில், முதுமாணிப் பட்டமும் வாங்கிவிட்டார்.

அறிவு என்பது தான் கூடவே தூக்கிச் செல்லும் ஒரு பெட்டி, அது ஒரு பொக்கிஷம் என்று அவர் சொன்னார். நமது முன்னோர்கள் கடல் தாண்டி வந்தபோது அவர்கள் கையில் என்ன பெட்டி இருந்திருக்கும் என்று நமக்குத் தெரியும். இந்தப் பெட்டியோ கனக்காது, யாரும் பறிக்கவும் முடியாது.

வேலணையில் பிறந்த அம்மா

இது வெள்ளைக்காரர்களுக்கு மட்டும் ஆன காரியம் என்று நினைக்க வேண்டாம். யாழ்ப்பாணத்து வேலணையில் பிறந்தவர் வரதா சண்முகநாதன் அம்மா. இலங்கையில் ஆசிரியையாக இருந்தவர். ஐம்பது வயதுக்கு மேல் லண்டனில் ஒரு முதுமாணிப் பட்டம் பெற்றார். 2004இல் கனடாவில் குடியேறினார். அங்கே யோர்க் பல்கலைக்கழகத்தில் அரசியல் விஞ்ஞானம் படித்து, 2021 நவம்பரில், 87 வயதில், இரண்டாவது முதுமாணிப் பட்டத்தைப் பெற்றார். அந்தப் பல்கலைக்கழகத்தில் அவ்வளவு வயதில் முதுமாணிப் பட்டம் வாங்கியவர் அதற்கு முன் இல்லை.

அவர் ஆராய்ந்தது எதைத் தெரியுமா? இலங்கையின் யுத்தத்தையும், சமாதானத்துக்கான வழியையும். தான் வாழ்ந்து பார்த்த காலத்தையே பாடமாக எடுத்துக்கொண்டார். இருபது வயதுப் பிள்ளை புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்வதை அவர் அனுபவத்தில் கண்டவர். வயதானவர் வகுப்புக்கு வெறுங்கையோடு போவதில்லை என்பதற்கு இது நல்ல சாட்சி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் பல்கலைக்கழகத்தில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் படிப்புக் கட்டணத்தை விட்டுக் கொடுக்கிறார்கள். ஆசை மட்டும் போதாது. கதவைத் திறந்து வைக்கவும் ஆள் வேண்டும்.

பேத்தியோடு பட்டம் வாங்கிய பாட்டி

அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலத்தில் நோலா ஓக்ஸ் என்ற அம்மா இருந்தார். விவசாயக் குடும்பம். 1972இல் கணவர் இறந்த பிறகு, தனிமையைப் போக்க ஒரு வகுப்பில் சேர்ந்தார். பிறகு இன்னொரு வகுப்பு. அங்கே ஒரு பாடத்தை முடித்தால் அதற்குரிய புள்ளி கணக்கில் ஏறும். காலை நிறுவை, பகல் நிறுவை, அந்தி நிறுவை என்று கொழுந்து சேருகிற மாதிரி அவருக்கும் புள்ளி சேர்ந்தது. பட்டத்துக்கு இன்னும் கொஞ்சம்தான் குறைவு என்று தெரிந்ததும், பண்ணை வீட்டை விட்டுச் சுமார் 100 மைல் தூரம் போய், பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய வீட்டில் தங்கிப் படித்தார். 2007 மே மாதம், 95 வயதில் பட்டம் வாங்கினார். அதே மேடையில் 21 வயதுப் பேத்தியும் பட்டம் வாங்கினாள். 98 வயதில் முதுமாணிப் பட்டமும் பெற்ற அந்த அம்மா, 105 வயது வரை வாழ்ந்து 2016இல் காலமானார்.

"எனக்கு எழுத்தே தெரியாதே!"

இப்படிச் சொல்லும் அம்மாமார் நம்மிடம் இருக்கிறார்கள். அது அவர்களுடைய குற்றம் அல்ல. நாட்டில் 1945இல் இலவசக் கல்வி வந்தது. ஆனால் தோட்டப் பாடசாலைகள் அதற்குப் பிறகும் வெகு காலம் தோட்ட நிர்வாகத்தின் கீழேயே இருந்தன. 1970களில்தான் அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. இன்று எண்பது வயதில் இருப்பவர்களுக்குக் கிடைத்தது ஒரு கொட்டில், ஒரு வாத்தியார், கூடிப்போனால் ஐந்தாம் வகுப்பு. பொம்பிளைப் பிள்ளை என்றால் தம்பி தங்கையைப் பார்க்க அதற்கும் முன்னமே நிற்பாட்டிவிடுவார்கள். ஆகவே முதுமையில் படிப்பது பேராசை அல்ல. பிந்திக் கிடைக்கும் பாக்கிக் கணக்கு அது.

கேரளத்தில் கார்த்தியாயினி அம்மா என்பவர் கோயில்களில் கூட்டித் துப்புரவு செய்து பிழைத்தவர். பள்ளிக்கூடம் போகாதவர். 2018இல், 96 வயதில், அந்த மாநிலத்தின் எழுத்தறிவுப் பரீட்சை எழுதி 100க்கு 98 புள்ளி எடுத்து முதலாவதாக வந்தார். அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர்களில் கொள்ளுப் பேரப்பிள்ளைகளும் உண்டு. பட்டத்துக்கான பாதையும் "அ"வில்தான் தொடங்குகிறது.

மூளை இடம் கொடுக்குமா?

வயது போனால் புதிய பெயரோ இலக்கமோ மனதில் ஏற நேரம் எடுக்கும். அது உண்மை. ஆனால் சொல்லறிவும், விளங்கிக்கொள்ளும் திறனும் நெடுங்காலம் நிற்கும். அதனால் ஒரே இரவில் மனப்பாடம் செய்யப் பார்க்கக்கூடாது. கொஞ்சம் படித்து, அதை அடுத்தவருக்குச் சொல்லிப் பார்த்து, மறுநாள் திரும்பப் பார்க்க வேண்டும்.

பல பேருக்குத் தடையாக இருப்பது மூளை அல்ல, கண்ணும் காதும்தான். கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தால் சத்திர சிகிச்சை உண்டு. அரச ஆஸ்பத்திரி கண் கிளினிக்கில் காட்டுங்கள். மறதி நோய்க்கு வழி வைக்கும் 14 காரணங்களை 2024இல் வைத்திய நிபுணர் குழு ஒன்று பட்டியல் போட்டது. படிப்புக் குறைவு, கவனிக்காத காதுக் குறை, கவனிக்காத கண் குறை, தனிமை ஆகியவை அதில் இருக்கின்றன. படிப்பு மறதிக்கு மருந்து என்று நாம் சொல்லவில்லை. ஆனால் மூலையில் குந்தியிருப்பதை விட அது நல்லது.

நமக்கு என்ன வழி?

* எழுத்துத் தெரியாதவர்கள், வலயக் கல்விக் காரியாலயத்தில் முறைசாராக் கல்விப் பகுதியில் விசாரிக்கலாம். வீட்டுப் பிள்ளையிடமே தொடங்கலாம்.
* ஐந்தாம், எட்டாம் வகுப்போடு நின்றவர்கள், க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்றலாம். பயமாக இருந்தால் தெரிந்த பாடத்தில் இருந்து தொடங்குங்கள்.
* இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உண்டானது. வீட்டில் இருந்தே படிக்கிறவர்களுக்காக ஏற்பட்டது. பரீட்சைச் சான்றிதழ் இல்லாதவர்களும் அடிப்படைப் பாடநெறியில் தொடங்கி மேலே போகலாம். ஹட்டன், பண்டாரவளை போன்ற இடங்களில் அதன் நிலையங்கள் உண்டு. தமிழில் எந்தப் பாடநெறி, கட்டணம் எவ்வளவு என்று நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

தொண்ணூறு வயதில் பட்டம் வாங்கினால் உத்தியோகம் கிடைக்காது. சம்பளமும் கூடாது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் தாத்தா படிக்கிற வீட்டில் பேரன் பள்ளிக்கூடத்தை இடையில் நிறுத்துவது லேசு அல்ல. கடிதமோ, உறுதிப் பத்திரமோ, ஆஸ்பத்திரித் துண்டோ வந்தால் அடுத்தவர் கையைப் பார்த்து நிற்கவும் வேண்டாம்.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை

நமது லயத்துக் காம்பிராவில் தனியாக உட்கார்ந்து படிக்க இடம் இல்லை. வயதானவர்களுக்கு ஓய்வும் இல்லை. மகளும் மருமகளும் கொழுந்து எடுக்கப் போனால் சமையல், விறகு, தண்ணீர், பிள்ளை எல்லாம் பாட்டி தலையில்தான். ஆகவே அவர் படிப்பதும் படிக்காததும் வீட்டாருடைய கையில்தான் இருக்கிறது. அந்தியில் ஒரு மணித்தியாலம் டீவியை நிறுத்துங்கள். லைட்டுக்குக் கீழே ஒரு இடம் கொடுங்கள். பிள்ளைகள் வீட்டுப்பாடம் செய்யும் நேரத்தில் பாட்டியும் பக்கத்தில் குந்தட்டும். கேலி மட்டும் வேண்டாம். கேட்டுப் பழகிய அந்த ஒரு வார்த்தை போதும், திறந்த புத்தகம் மூடிப் போகும்.

குடும்பத்தோடு பேசுங்கள்

1. நமது வீட்டில் வயதானவர்கள் எந்த வகுப்போடு நின்றார்கள்? ஏன் நின்றார்கள் என்று அவர்களிடமே கேட்டிருக்கிறோமா?
2. அவர்களுக்கு இன்றும் தெரிந்துகொள்ள ஆசையான விஷயம் என்ன?
3. கண், காது பார்க்க ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிப் போவது? எந்தக் கிழமை?
4. அந்த ஒரு மணித்தியாலத்தில் பாட்டி செய்யும் வேலையை யார் ஏற்றுக்கொள்வது?

நான்காவது கேள்விக்கு ஒரு பெயரைச் சொல்லி விடை எழுதிவிட்டால், இந்தப் பாடத்தில் பாதி முடிந்தது.