மிஞ்சுவதா, பொருந்துவதா?

கேள்வி: ஸ்பானிஷில் ‘கெதார்’ என்ற வினைக்கு ‘மிஞ்சு’ என்கிறது அகராதி. பாதி இடங்களில் பொருந்தவில்லையே?

பதில்: அகராதி பொய் சொல்லவில்லை, பாதியில் நிறுத்திவிட்டது. ‘கெதா பான்?’ என்றால் ரொட்டி மிச்சமிருக்கிறதா என்று அர்த்தம். ‘கெதாமோஸ் ஆ லாஸ் ஓச்சோ’ என்றால் எட்டு மணிக்குச் சந்திப்போம். கட்டடம் எங்கே இருக்கிறது என்று கேட்கவும் இதே வினைதான்.

துணிக்கடைக்குப் போனால் வேடிக்கை. சட்டையைப் போட்டுக் கண்ணாடி முன் நிற்கிறீர்கள். விற்பவர், ‘தே கெதா பியென்’ என்கிறார்: உங்களுக்கு எடுப்பாக இருக்கிறதாம். (எல்லோரிடமும் அப்படித்தான் சொல்வார்.) மயங்கிப்போய் நீங்கள், ‘மே லா கெதோ’ என்கிறீர்கள்: இதையே எடுத்துக்கொள்கிறேன். இரண்டும் அதே கெதார்! மூலம், அமைதிப்படுத்துவதைக் குறித்த லத்தீன் வினை. அடங்கியது அங்கேயே தங்கும்; தங்கியது மிஞ்சும்.